வீட்டுப் பணிஸ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டில் பணிஸ் போடுவதைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, ஹோட்டலில் சூப்புடன் தருகிற சின்ன உருண்டைப் பணிஸ் மாதிரி வீட்டில் செய்ய ஆசை. வீடியோ பார்த்து, கப் கணக்கு மாறாமல்தான் செய்தேன். சூட்டோடு சாப்பிட நல்லாய்த்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் கல். மா சரியில்லையா? கடைக்காரர் 'இம்ப்ரூவர்' என்று ஒரு பவுடர் போட்டால் பஞ்சு மாதிரி வரும் என்கிறார். வாங்கலாமா? (ஒரு வாசகி, உவர்மலை)

பதில்: வாங்க வேண்டாம் தங்கச்சி. அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். உங்கள் பணிஸ் இறுகியதற்கு முதல் காரணம் அந்தக் கப் என்றுதான் நினைக்கிறேன். ஒரு கப் மாவைக் கரண்டியால் அள்ளி மெதுவாக நிரப்பினால் 120 கிராம் அளவில் நிற்கும். அதே கப்பை மா வாளிக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராமைத் தாண்டிவிடும். நாலு கப் போடும்போது 100 கிராமுக்கு மேல் மா கூடிவிடுகிறது, பாலோ அதே அளவு. பிறகு எந்தப் பவுடர் போட்டும் பயனில்லை. ஒரு கிராம் வரை காட்டும் தராசு போதும். கடையிலேயே சரிபார்க்க வேண்டுமென்றால், அரை லீற்றர் தண்ணீரை அளந்து ஊற்றிப் பாருங்கள், 500 கிராம் காட்ட வேண்டும்.

இம்ப்ரூவர் என்பது பேக்கரிக்காரர்கள் பெரிய அளவில், இயந்திரத்தில், குறைந்த நேரத்தில் வேலை முடிப்பதற்காகப் போடுவது. என்சைம், அஸ்கோர்பிக் அமிலம், கொழுப்பையும் நீரையும் பிணைக்கும் பொருட்கள் என்று அதற்குள் பல இருக்கும். லேபலோடு வருவதில் பெரிய ஆபத்து இல்லை. கடையில் பொலித்தீன் பையில் கட்டித் தருவதை மட்டும் தொடவே வேண்டாம். முன்பு மாவை உப்ப வைக்கப் பயன்பட்ட பொட்டாசியம் புரோமேட்டு இலங்கையில் 2001இலேயே தடை செய்யப்பட்டது. பெயரும் லேபலும் இல்லாத வெள்ளைப் பவுடரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது.

அடுத்தது மா. 1980 முதல் சீனன்குடாவில் பிறீமா ஆலை கோதுமை அரைக்கிறது, அதனால் நம் ஊரில் மாவுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஆலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கடையில் இருக்கும் மா புதிதாகிவிடாது. பைக்கற்றில் திகதியைப் பாருங்கள். பின்பக்கப் பட்டியலில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்றும் பாருங்கள். 10 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 11, 12 என்றால் இன்னும் நல்லது. கேக் மாவில் அது குறைவு. செல்ஃப் ரைசிங் மாவில் ஏற்கெனவே பேக்கிங் பவுடர் கலந்திருக்கும். இரண்டுமே பணிசுக்கு வேண்டாம். நிறுத்து விற்கிற மா வாங்குவதில் தவறில்லை, மூட்டை நிலத்தில் படாமல் பலகை மேல் இருக்கிறதா, புழுங்கல் வாசம் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் என்று வீட்டில் அவித்து அரித்து வைத்திருக்கிற கோதுமை மாவை இதற்கு எடுக்கவே கூடாது. கடையில் 'அவித்த மா' என்று வருவதும் அப்படித்தான். ஆவி பட்டதும் மாவின் புரதம் வெந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு குழைத்தாலும் இழுபடாது, ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்து வைக்காது. இரண்டு டின்னும் ஒரே நிறம், ஒரே அளவு என்பதால் பல வீடுகளில் இது மாறிப்போகிறது. டின்னில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சரி, அளவு சொல்கிறேன். கோதுமை மா 500 கிராம், பால் 290 மில்லிலீற்றர், சீனி 50 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 9 கிராம், ஒரு முட்டை, பட்டர் 60 கிராம். மறுநாளும் மென்மையாக இருக்க ஒரு வேலை செய்ய வேண்டும். இந்த மாவிலிருந்தே 25 கிராமும் பாலிலிருந்து 125 மில்லிலீற்றரும் எடுத்துச் சின்னச் சட்டியில் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். கரண்டி போன தடம் மறையாமல் நிற்கிற அளவு கஞ்சி தடித்ததும் இறக்கி, நன்றாக ஆறவிடுங்கள். வெந்த மா நிறைய நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பணிஸ் வேகிற அவன் அடுப்புக்குள்ளும் அதை எளிதில் விடாது. பால்மா கரைத்த பாலும் சரி, தேங்காயின் முதற்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்ததும் சரி.

பட்டர் தவிர எல்லாவற்றையும் கஞ்சியோடு சேர்த்துக் குழையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பட்டரைச் சேருங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மா விரலெல்லாம் ஒட்டும், பாத்திரத்தில் பூசிக்கொள்ளும், ஒரு பிடி மா தூவினால் என்ன என்று கை போகும். தூவாதீர்கள். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுத் திரும்பக் குழையுங்கள், அதே மா கையை விட்டு வரத் தொடங்கும். பாக்களவு துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிழியாமல் விரிந்து, அதனூடே விரலின் நிழல் தெரிந்தால் குழைத்தது போதும்.

அப்புறம் நம் ஊர் வெக்கை. வீடியோ போடுகிறவர்களில் பலர் குளிர் நாட்டில் இருக்கிறார்கள். பாலைச் சூடாக்கு, ஒன்றரை மணித்தியாலம் பொங்க விடு என்பார்கள். திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அப்படிச் செய்தால் மா அளவுக்கு மீறிப் பொங்கி, புளித்த வாசம் வந்து, அவனுக்குள் அமுங்கிவிடும். கஞ்சிக்கு எடுத்தது போக மிச்சப் பாலைப் பிரிட்ஜிலிருந்து நேராக எடுத்து ஊற்றுங்கள். நேரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கானால் போதும், வெயில் நாளில் அது 45 நிமிடத்துக்குள்ளேயே ஆகிவிடலாம். மாரி மழையில் கூடுதலாக எடுக்கும். பொங்கிய மாவை 60 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் 16 வரும். தட்டில் விரலிடை விட்டு அடுக்கி மறுபடி பொங்க விடுங்கள். விரலால் தொட்டால் குழி மெதுவாக, பாதி அளவு மேலே வர வேண்டும். உடனே துள்ளி வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், வராமலே கிடந்தால் பிந்திவிட்டது.

முன்கூட்டியே சூடாக்கிய அவனில் 180 பாகை செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம். நிறம் போதாது என்று கூட வைத்தால் அங்கேயே காய்ந்துவிடும். எடுத்த கையோடு மேலே பட்டர் பூசி, சுத்தமான துணியால் மூடி வையுங்கள். அந்த ஆவியில் தோல் இளகும்.

கேள்வி: மளிகைக் கடையில் சின்னப் பொலித்தீன் பையில் ஈஸ்ட் வாங்கினேன். மா பொங்கவே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், "உங்களுக்குச் செய்யத் தெரியவில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இதற்கு என்ன செய்வது? (ஒரு வாசகர், கிண்ணியா)

பதில்: முதலில் பிழை ஈஸ்டில்தான் என்று உறுதிப்படுத்துங்கள். கை பொறுக்கும் சூட்டில் அரைக் கப் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட். பத்து நிமிடத்தில் மேலே நுரை எழும்ப வேண்டும். அப்படியே அடியில் படிந்து கிடந்தால் அது செத்த ஈஸ்ட், உங்கள் கையில் குறையில்லை. கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஈஸ்ட் உயிருள்ள பொருள். பெரிய பைக்கற்றை உடைத்து, சின்னப் பையில் கட்டி, வெயில் படுகிற கவுன்டரில் தொங்கவிட்டால் காற்றும் ஈரமும் சூடும் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். திகதியும் இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை. அப்படி விற்பதை வாங்காமல் விடுவதுதான் நல்லது. 11 கிராம் சிறு பைக்கற்று எனக்குப் பிடித்தது, ஒரு முறைக்குப் போக மிச்சத்தை மடித்துப் பிரிட்ஜில் வைக்கலாம். 500 கிராம் பைக்கற்று என்றால் தொட்டால் செங்கல் மாதிரி இறுகி இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் உள்ளே காற்றுப் போய்விட்டது, திகதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் எடுக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒன்று வாங்கி, காற்றுப் புகாத போத்தலில் பிரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

முறைப்பாட்டுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு நீங்கள் எழுதலாம். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். ஆனால் பில் இல்லாமல் போய் நின்றால் உங்கள் பேச்சு நிற்காது. பில் கேட்பது உங்கள் உரிமை, கேட்டால் கடைக்காரர் கொடுக்கத்தான் வேண்டும். ஐம்பது ரூபா சாமானுக்குப் பில் கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். இருந்தாலும் கேளுங்கள் ஐயா. உண்ணும் பொருள் பழுதாகியோ திகதி இல்லாமலோ விற்கப்படுகிறது என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம்.

கேள்வி: மேசையில் வைக்கிற மின்சார அவன் ஒன்று வாங்கப் பார்க்கிறோம். எத்தனை லீற்றர் எடுப்பது? கறண்ட் பில் ஏறுமா? (ஒரு தம்பதியர், அன்புவழிபுரம்)

பதில்: லீற்றரை விட்டுவிட்டு உங்கள் தட்டைக் கடைக்குக் கொண்டு போங்கள். 9 அங்குலத்துக்கு 13 அங்குலத் தட்டு உள்ளே போய், நாலு பக்கமும் விரலளவு காற்று ஓட இடம் இருந்தால் அது உங்களுக்குப் போதுமான அவன். பெட்டியில் எழுதியிருக்கும் லீற்றர் கணக்கில் மூலை முடுக்கெல்லாம் சேரும். மேலும் கீழும் தனித்தனியாகச் சூட்டுக் கம்பி, பாகை காட்டும் திருகி, இந்த இரண்டும் கட்டாயம். சுழல் கம்பி, மீன் வாட்டுகிற கூடை இதற்கெல்லாம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பதிலாக அவனுக்குள் வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்குங்கள். திருகியில் 180 என்று வைத்தால் உள்ளே 20 பாகை முன்பின் இருப்பது சாதாரணம்.

வீட்டில் பிளக்கைப் பாருங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட். 2000 வாட் அவன் கிட்டத்தட்ட 8.7 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் இருக்கிற 5 அம்பியர் உருண்டைத் துளைப் பிளக்கில் அடப்டர் போட்டுச் செருகினால் உருகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். 13 அம்பியர் சதுரத் துளைப் பிளக் தனியாக இருக்க வேண்டும், நீட்டு வயர் வேண்டாம். அந்தச் செலவையும் அவன் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கறண்டுக்குப் பயப்பட வேண்டாம். 1500 வாட் அவன் சூடாக்கப் பத்து நிமிடமும் வேக இருபது நிமிடமும் ஓடினால், விடாமல் எரிந்தாலும் முக்கால் யூனிட்தான். சூடு ஏறியதும் தானே நின்று நின்று எரிவதால் உண்மையில் அதற்கும் குறையும்.

உத்தரவாத அட்டையில் கடை முத்திரை, திகதி, அவனின் தொடரிலக்கம் மூன்றும் உங்கள் கண் முன்னே நிரப்பப்பட வேண்டும். திருத்த வேலை திருகோணமலையிலேயே நடக்குமா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பினால் ஏற்றுகூலி யாருடையது என்று கேட்டு, பதிலைப் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பட்டர் விலைக்கு மாஜரின் போட்டால் ஆகாதா? (ஒரு வாசகி, மூதூர்)

பதில்: மென்மைக்கு ஆகும். வாசத்துக்குப் பட்டர்தான். லேபலில் கொழுப்பு எத்தனை வீதம் என்று பாருங்கள். மாஜரின் என்றால் 80 வீதத்தைச் சுற்றி இருக்கும். 'ஃபட் ஸ்ப்ரெட்' என்று எழுதியிருந்தால் அதில் தண்ணீர் அதிகம், பாணில் பூசத்தான் அது. உப்புச் சேர்த்ததை வாங்கினால் மாவில் உப்பை இரண்டு கிராம் குறையுங்கள். நான் வீட்டில் மாவுக்கு மாஜரினும் மேலே பூசப் பட்டரும் எடுப்பேன். நாக்கு முதலில் தொடுவது மேல்பக்கத்தை, வாசம் அங்கே இருந்தால் போதும்.

கேள்வி: அவன் வாங்க வசதியில்லை. தாச்சியில் செய்யலாமா? (ஒரு மாணவி, தம்பலகாமம்)

பதில்: தாராளமாக. அடி கனத்த, மூடி இறுக்கமான சட்டி நல்லது. உள்ளே ஒரு இரும்பு வளையம் வைத்து, மூடியோடு பத்து நிமிடம் மெல்லிய நெருப்பில் சூடாக்கி, தட்டை வளையத்தின் மேல் இறக்குங்கள். மூடிக்கு உள்பக்கம் துணி சுற்றினால் ஆவித் தண்ணீர் பணிஸில் சொட்டாது. துணியின் நுனி அடுப்புப் பக்கம் தொங்காமல் மேலே முடிந்து விடுங்கள். 25 நிமிடம் அளவு எடுக்கும். மேல்பக்கம் வெளிறித்தான் இருக்கும். வெந்ததும் தோசைக் கல்லில் பட்டர் தடவி ஒரு நிமிடம் கவிழ்த்து வைத்தால் நிறம் வந்துவிடும்.

கேள்வி: மிஞ்சியதைப் பிரிட்ஜில் வைத்தால் இன்னும் வேகமாக இறுகுகிறதே, ஏன்? (ஒரு வாசகர், பாலையூற்று)

பதில்: பிரிட்ஜின் குளிரில்தான் வெந்த மாச்சத்து மிக வேகமாகத் திரும்ப இறுகும். ஈரம் போகாமல் கட்டி வைத்தாலும் அது நடக்கும். இரண்டு நாளுக்குள் முடிப்பதாக இருந்தால் மூடிய டின்னில் வெளியே வையுங்கள். மாரி காலத்து ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், அப்போது ஒரு நாள்தான். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் ஆறியவுடனேயே பையில் கட்டிப் பிரீசரில் போடுங்கள். எடுத்ததும் இட்லிச் சட்டியில் மூன்று நிமிடம் ஆவி காட்டினால் போதும், புதிதுபோல இளகிவிடும்.