ஊசிக்கு முன்னால் ரத்தம்: மறதிக் கேள்விகள்

அம்மாவுக்கு 68 வயது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். வயசானால் இப்படித்தானா? (வாசகி, லாஸ்பேட்டை)

வயசு மேல் பழி போடும் முன் விட்டமின் பி12, தைராய்டு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே! சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்குத் தினம் போடும் ஒமிப்ரசோல், இரண்டுமே வருடக்கணக்கில் போனால் பி12-ஐக் குறைக்கும். மூன்றும் சரியாக இருந்தால் நரம்பு மருத்துவரிடம் போங்கள். எல்லா மறதியும் விட்டமின் மறதி அல்ல.

எனக்கு மறதி. என்ன மாத்திரை சாப்பிடலாம்?

வயது, ஊர், பெயர் மூன்றையும் எழுத மறந்திருக்கிறீர்கள். மறதி இருப்பதை நம்புகிறேன். மாத்திரை சொல்ல மாட்டேன்.

மறதி, பாத எரிச்சல். மெடிக்கலில் சொல்லி மூன்று பி12 ஊசி போட்டுக்கொண்டேன். பிறகு டெஸ்ட் எடுத்தால் பி12 1500 என்கிறார்கள். ஆபத்தா? (நெல்லிக்குப்பம்)

ஆபத்தில்லை, ஆனால் அந்த 1500 உங்களுடையதல்ல, ஊசியுடையது. ரிப்போர்ட்டில் pg/mL கணக்கில் 200-க்குக் கீழே குறைவு, 300 வரை இரண்டுங்கெட்டான். ஊசிக்கு முன் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை இனி நேராகச் சொல்ல வழியில்லை. எத்தனை தடவை எழுதிவிட்டேன்: ஊசிக்கு முன்னால் ரத்தம்!

இன்னொரு கூத்து, சோகைக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் விழுங்குவது. பாகூர் பக்கத்து விவசாயி ஒருவர் அப்படி ஒரு வருடம் சாப்பிட்டார். ஹீமோகுளோபின் ஏறியது, வீட்டில் சந்தோஷம். என்னிடம் வந்தபோது, "முகத்துக்கு சோப்பு போடக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கு சார்" என்றார். ஃபோலிக் ஆசிட் ரத்தத்தைத் தேற்றிவிட்டது. பி12 இல்லாத தண்டுவடம் உள்ளே கெட்டுக்கொண்டே இருந்தது. ஊசி போட்டு ஓரளவு மீண்டார், முழுதாக இல்லை. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டபின் சிறுநீர் மஞ்சளாகப் போனால் 'சத்து சேர்ந்துவிட்டது' என்று நம்புகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அது வெளியே போகும் பி2.

தினமும் மீன் சாப்பிடும் எனக்கு எப்படி பி12 குறையும்? (கடலூர் முதுநகர்)

100 கிராம் மத்தி மீனில் 8 மைக்ரோகிராம் இருக்கும், தேவையோ நாளுக்கு 2 சொச்சம். சாப்பாட்டில் குறையில்லை, உறிஞ்சுவதில்தான் கோளாறு. வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் இல்லாவிட்டால் மீன் குழம்பு வெறும் ருசிதான். காரணம் தெரியும் வரை ஊசியோ, டாக்டர் எழுதும் அதிக அளவு மாத்திரையோ தேவைப்படும்.

சைவம் நாங்கள். ஸ்பைருலினா போதுமா?

போதாது. அதில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்கு உதவாத போலி பி12. பால், தயிர் சாப்பிடுங்கள். அதையும் தொடாதவர்கள் மாத்திரைதான் போட வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரையை விட்டுவிட்டு விட்டமின் டி எடுக்கலாமா?

கூடாது. குறை இருந்தால் டி-யும் எடுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கணவர் தினமும் குடிப்பார், சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு வாரமாக நடை தள்ளாடுகிறது, நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார். என்ன டானிக் தரலாம்? (வில்லியனூர்)

டானிக் வேண்டாம். இன்றே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இது பி1 குறைவாக இருக்கலாம், நாள் கடந்தால் போன ஞாபகம் திரும்பாது. குடிப்பழக்கத்தை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன்பே பி1 ஊசி போட வேண்டும் என்பது குடியைச் சொன்னால்தான் அங்கிருப்பவர்களுக்குத் தோன்றும்.