மனைவியின் காணியை ஈடு வைத்து இரண்டாவது மில் போடலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் அரிசி மில் நடத்துகிறேன், வயது 38. மாங்குளத்தில் இன்னொன்று போட்டு, வன்னியில் பெரிய மில்காரனாக வரவேண்டும் என்பது என் இலட்சியம். 1 கோடி 50 இலட்சம் கடன், 7 வருடம், 14 வீத மாறும் வட்டி. போர் முடிந்து மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பிப் பற்றை வெட்டித் துப்புரவாக்கிய மனைவியின் சீதனக் காணியை ஈடு வைக்கவேண்டும், அண்ணா பிணை நிற்கவேண்டும். மனைவி பிடிவாதமாக மறுத்து, 6 வயது மகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணாவும் கதைப்பதில்லை. சாதிக்க நினைப்பவன் இதையெல்லாம் பார்க்கலாமா? இத்தனை காலமும் மில் கணக்கை எழுதியவரும் மனைவிதான்.

பதில்: பார்க்கத்தான் வேண்டும், தம்பி. உங்கள் ஆசையில் பிழை இல்லை. வன்னி நெல் வன்னியிலேயே அரிசியாக வேண்டும் என்று நானும் விரும்புகிறவன். ஆனால் நட்டம் வந்தால் முதலில் இழக்கப்போவது மனைவியும் அண்ணாவும்தான். வடபகுதித் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி சீதனக் காணி மனைவியின் தனிச் சொத்து. தவணை தவறினால் ஏலத்துக்குப் போவதும் அதுதான். அண்ணாவின் பிணை அவருடைய கிறிப் அறிக்கையில், அதாவது வங்கிகள் பார்க்கும் கடன் தகவல் அறிக்கையில், ஏறும். நாளைக்கு அவர் ஒரு கடன் கேட்கப் போனால் அதையும் பார்ப்பார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். தவணை மாதம் ஏறக்குறைய 2 இலட்சத்து 81 ஆயிரம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அறிவிப்பில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது நினைவிருக்கும். உங்கள் வட்டி அப்படி 21 வீதமானால் தவணை 3 இலட்சத்து 42 ஆயிரம். நீங்களோ மாசி, பங்குனியில் காலபோக (மாரிப் போக) நெல்லைக் கைக்காசு கொடுத்து வாங்கி அடுக்கவேண்டும். காசு மூடைக்குள் முடங்கிக் கிடக்க, தவணை மாதாமாதம் வந்து நிற்கும். சிறுபோகம் (கோடைப் போகம்) இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் குறைந்த வருடம் இரண்டாவது மில்லுக்கு அவிக்க நெல் எங்கே?

இத்தனை காலமும் மில் கணக்கை மனைவிதான் எழுதினார் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்று தெரிந்தவர் அவர். அவர் மறுப்பைப் பிடிவாதம் என்கிறீர்கள். கணக்கைத் தெரிந்தவரின் தீர்ப்பாகத்தான் எனக்கு அது படுகிறது. மில்லை 45 வயதிலும் போடலாம். அதற்குள் மகளுக்குப் 13 வயதாகிவிடும்.

பிணை வேண்டாம் என்று அண்ணாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டுக்குப் போங்கள், வங்கிப் பத்திரம் கையில் வேண்டாம். இருக்கிற மில்லின் இலாபத்தில் ஒரு நெல் உலர்த்தி போட்டு, இரண்டு காலபோகம் பாருங்கள். அப்புறமும் மாங்குளம் வேண்டுமென்றால் மனைவியைப் பங்காளியாகப் பதிந்துகொண்டு, வங்கி மேசையில் அவரையும் பக்கத்தில் இருத்திப் பேசுங்கள்.