படகு டிரெய்லரின் பழைய பிரேக்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர் சாங்கியில் படகை ஏற்றிக்கொண்டு திரும்பினால் ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. 12 வருஷப் பழைய டிரம் பிரேக்.

பதில்: அதோடு பிஐஇ விரைவுச்சாலையில் ஏறாதீர்கள் தம்பி. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றி, கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். சுற்றவே மறுத்தால் பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. அப்போது பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விட்டுக்கொடுத்தால் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கலாம். அதற்கும் மசியவில்லையா, கோளாறு டிரம்முக்குள்.

போன மாதம் அப்படி ஒன்றைக் கழற்றினேன். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைச் சுற்றி வெள்ளையும் பழுப்புமாகப் பொருக்கு. ஷூவின் லைனிங் தகட்டை விட்டு என் கையோடு வந்துவிட்டது. ஆயில் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) நிறம். இந்த நிலையில் சிலிண்டர் தனி, ஸ்பிரிங் தனி என்று வாங்கிப் போராட வேண்டாம். பின்தட்டோடு முழு செட்டாகவே கிடைக்கும், நாலைந்து போல்ட்தான். இடது வேறு, வலது வேறு, பார்த்து வாங்குங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும். பழைய தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: நான் மாதம் ஒரு தடவைதான் வண்டியை எடுக்கிறேன். அதற்குள் எப்படித் துரு?

பதில்: சும்மா நிற்பதால்தான், ஐயா. நம் ஊரில் தூரம் குறைவு; பிரேக் சூடாகி உள்ளே இருக்கும் ஈரம் காய்வதற்குள் வீடு வந்துவிடும். பிறகு நாலு வாரம் உப்பு அங்கேயே உட்கார்ந்து தின்னும். கரையேறிய அன்றே டிரம்முக்குள் நல்ல தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். படகை இறக்கும்போது அவசரப்படாதீர்கள். சூடான ஹப் (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) தண்ணீரில் முங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகக் கடல்நீரை இழுத்துக்கொள்ளும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு இறக்குங்கள்.

கேள்வி: டிஸ்க்குக்கு மாறினேன். ரிவர்ஸ் எடுத்தால் டிரெய்லர் நகரவே மாட்டேன் என்கிறது!

பதில்: உங்களுடையது காரின் தள்ளுவிசையில் பிடிக்கும் பிரேக். பின்னால் தள்ளினாலும் பிரேக் போடுவதாகவே அது எடுத்துக்கொள்ளும். ரிவர்ஸ் எடுக்கும்போது தளர்ந்துகொடுக்கும் டிரம் உண்டு, டிஸ்க் இரு திசையிலும் ஒரே மாதிரி இறுக்கும். ரிவர்ஸ் விளக்கின் கரண்டில் வேலை செய்து, பிரேக்குக்குப் போகும் ஆயிலை அடைக்கும் சொலினாய்டு வால்வைப் பொருத்தி, பிளக்கில் அதற்கென்று ஒரு ஒயர் இழுங்கள். சரியாகிவிடும். உப்புத் தண்ணீருக்கு டிஸ்க்தான் என் தேர்வு. கழுவுவது சுலபம், துருவும் கண்ணில் படும்.

கேள்வி: எந்த ஆயில்?

பதில்: ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியில் போட்டிருப்பதுதான். டாட் 3, டாட் 4 இரண்டும் ஈரத்தை உறிஞ்சும். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, அவற்றோடு கலக்கவே கூடாது. காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குங்கள். இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தால் அப்போதே செம்பு-நிக்கல் குழாய் போட்டுவிடுங்கள்.