நாட்காட்டியில் இல்லாத நாட்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கும் ஆசிரியை. பாடத்துக்கு நடுவே பிள்ளைகள் சோர்ந்துபோனால் உலக வரலாற்றிலிருந்து ஆச்சரியமான துணுக்கு ஒன்றைச் சொல்வேன். போன வாரம் மூன்று சொன்னேன். 1582ல் அக்டோபர் 4ஆம் தேதிக்கு அடுத்த நாள் அக்டோபர் 15. 1752ல் இங்கிலாந்தில் 11 நாட்களை நீக்கியபோது, தங்கள் ஆயுளில் 11 நாள் பறிபோய்விட்டது என்று மக்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தார்கள். கலிலியோ இறந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார்.

ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அந்தப் பத்து நாள்ல பிறந்தநாள் வர்றவங்க என்ன பண்ணாங்க? சம்பளத்துல பத்து நாள் பிடிச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சக ஆசிரியர் ஒருவர், துணுக்குகள் வரலாறே இல்லை, வெறும் நேர விரயம் என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நாட்காட்டி மாற்றத்தைப் பற்றிப் படிக்கும் பெரியவர்கள் பலர் 'அட!' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். அவள் சம்பளத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். பதிலுக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்று உண்மை, ஒன்று பொய், இன்னொன்று இரண்டு நாட்காட்டிகளைக் கலந்தால் மட்டும் உண்மை.

1582 உண்மைதான். ஆனால் உலகம் முழுக்க நடந்தது அல்ல. ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவைதான் போப் பதின்மூன்றாம் கிரிகோரியின் ஆணைப்படி அந்த அக்டோபரிலேயே மாறின. பிரான்ஸ் டிசம்பரில் மாறியது. சீசர் காலத்திலிருந்து ஆண்டுக்கு 365 நாள் 6 மணி நேரம் என்று வைத்து எண்ணிவந்தார்கள். உண்மையான ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் 128 ஆண்டில் அது ஒரு முழு நாளாகிவிடும். ஈஸ்டர் தேதியைக் கணக்கிட, பகலும் இரவும் சமமாக வரும் வசந்த கால நாளை மார்ச் 21 என்று திருச்சபை வைத்திருந்தது. 1582 வாக்கில் வானத்தில் அந்த நாள் மார்ச் 11லேயே வந்துவிட்டது. அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் 10 தேதிகளை எடுத்தார்கள். திட்டத்தை வகுத்தவர் அலோய்சியஸ் லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவர். அவர் 1576லேயே இறந்துவிட்டார். தன் கணக்கை ஊர் ஏற்றுக்கொண்டதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வகுப்பில் இதை விளக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் அவிலாவின் தெரேசா. கன்னிமடங்களைச் சீர்திருத்திய ஸ்பானியத் துறவி. 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமை இரவு, ஆல்பா தெ தோர்மஸ் என்ற ஊரில், 67 வயதில் இறந்தார். மறுநாளே அடக்கம் செய்தார்கள். அடக்கம் நடந்த தேதி அக்டோபர் 15. ஆவணத்தை மட்டும் பார்ப்பவர்கள் உடலைப் பதினோரு நாள் வைத்திருந்தார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். நடுவில் இருந்தது ஒரே ஓர் இரவு. வியாழனுக்கு அடுத்து வெள்ளி என்பதில் எந்த மாற்றமும் இல்லை. யாருடைய வாழ்விலிருந்தும் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. தேதியின் எண் மட்டும் தாவியது. இன்றும் கத்தோலிக்கர்கள் அவருடைய திருநாளை அக்டோபர் 15ல்தான் கொண்டாடுகிறார்கள்.

சரி, சம்பளம், வாடகை, வயது? இங்கிலாந்தில் இதற்கு எழுத்தில் பதில் இருக்கிறது. அங்கே 1752 செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை. (உங்கள் பள்ளியில் லினக்ஸ் கணினி இருந்தால், நாட்காட்டியைக் காட்டும் கட்டளையில் 1752 செப்டம்பரைக் கேட்டுப் பாருங்கள். 1, 2, 14, 15 என்று வரும். மாதத்துக்கு மொத்தமே 19 நாள். பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.) மாற்றத்தைக் கொண்டுவந்த சட்டத்தை எழுதியவர்கள் உங்கள் மாணவியைப் போலவே யோசித்திருக்கிறார்கள். வாடகையோ கடனோ கட்ட வேண்டிய நாள் இந்தச் சட்டத்தால் முன்கூட்டியே வந்துவிடக் கூடாது. பழைய கணக்கில் எத்தனை நாள் ஆகியிருக்குமோ அத்தனை நாள் ஆன பிறகுதான் கட்ட வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. 21 வயது நிறைவதற்கும் இதே விதி. 11 தேதிகள் தாவின என்பதற்காக யாருக்கும் 11 நாள் முன்னதாக வயது நிறையவில்லை. அரசாங்கமும் தன் கணக்கு வழக்குகளில் முழு ஆண்டையும் எண்ணியது. மார்ச் 25ஐ ஒட்டி முடிந்துவந்த கணக்கு 11 நாள் தள்ளி ஏப்ரல் 5க்குப் போனது. பிரிட்டனில் வரி ஆண்டு இன்றைக்கும் ஏப்ரல் 5ல்தான் முடிகிறது.

இனி கலகம். நானும் பல வருடம் நம்பிய கதைதான் இது. அந்த நேரத்தில் இப்படி ஒரு கலகம் நடந்ததா என்று ஆய்வாளர்கள் பதிவுகளில் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. கதைக்கு வேர் ஓர் ஓவியம். வில்லியம் ஹோகார்த் 1755ல் ஒரு தேர்தல் விருந்தை வரைந்தார். சத்திரத்தின் அறை. ஒரு கட்சிக்காரர்கள் வாக்காளர்களுக்குத் தின்னவும் குடிக்கவும் வாரி இறைக்கிறார்கள். தலையில் அடிபட்ட அடியாள் ஒருவனின் காயத்தில் ஒருவர் மதுவை ஊற்றுகிறார். அந்த அடியாளின் காலடியில், எதிர்க்கட்சி ஊர்வலத்திலிருந்து பிடுங்கி வந்த கொடி கிடக்கிறது. அதில் 'எங்கள் பதினோரு நாட்களைக் கொடு' என்று எழுதியிருக்கிறது. ஓவியத்துக்குப் பின்னால் இருந்தது 1754ல் ஆக்ஸ்போர்டுஷயரில் நடந்த தேர்தல். அங்கே நின்ற ஒரு வேட்பாளரின் தந்தை மேக்கிள்ஸ்ஃபீல்டு பிரபு, நாட்காட்டிச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் பாடுபட்டவர். மகனைத் தாக்க எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் தேர்தல் கோஷத்தைத் தெருக் கலகமாகப் படித்துவிட்டார்கள்.

இந்தத் தவறு எனக்குக் கொஞ்சம் கோபம் தருகிறது. ஆயுளில் 11 நாள் போய்விட்டது என்று நம்பும் அளவுக்குச் சாதாரண ஜனங்கள் முட்டாள்களாக இருந்தார்கள் என்று அந்தக் கதை சொல்கிறது. அவர்கள் உண்மையில் செய்தது வேறு. பக்கிங்ஹாம்ஷயரில் குவெய்ன்டன் என்று ஒரு கிராமம். அங்கே இருந்த ஒரு முள்மரம், புகழ்பெற்ற கிளாஸ்டன்பரி முள்மரத்தின் கிளையிலிருந்து வந்தது என்பது ஊர் நம்பிக்கை. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அது மொட்டு விடும், மறுநாள் பூக்கும். புதிய கணக்குப்படி வந்த 1752 டிசம்பர் 24 இரவு, 2000 பேருக்கு மேல் விளக்கும் மெழுகுவர்த்தியும் ஏந்தி அந்த மரத்தடியில் கூடினார்கள் என்று அந்தக் காலப் பத்திரிகை எழுதியது. மொட்டு இல்லை. அப்படியானால் நாளைக்குக் கிறிஸ்துமஸ் இல்லை என்று கூட்டம் முடிவு செய்தது. மறுநாள் தேவாலயத்துக்குப் போகவும் மறுத்தார்கள். விஷயம் பெரிதாகி, பழைய கிறிஸ்துமஸ் நாளும் முன்போலவே அனுசரிக்கப்படும் என்று பக்கத்து ஊர்ப் பாதிரியார்கள் அறிவித்தார்கள்.

சட்டம் சொன்ன தேதியை ஒரு மரத்திடம் சரிபார்க்கக் குளிர்கால இரவில் போய் நின்றிருக்கிறார்கள். நாடாளுமன்றத்தைவிட மரத்துக்கு நன்றாகத் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். கலகக் கதையை விட்டுவிட்டு இனி வகுப்பில் இதைச் சொல்லுங்கள்.

நாட்காட்டிக்காக நிஜமாகவே கலவரம் நடந்த ஊர்களும் உண்டு. ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் ஒன்றாக வாழ்ந்தார்கள். நகர மன்றம் போப்பின் நாட்காட்டியை ஏற்றது. 1584ல், அதை எதிர்த்த புராட்டஸ்டன்ட் போதகர் ஒருவரை நகரைவிட்டு வெளியேற்ற முயன்றபோது மக்கள் ஆயுதத்தோடு தெருவுக்கு வந்தார்கள். இன்றைய லாட்வியாவில் இருக்கும் ரீகா நகரத்திலும் அதே ஆண்டில் தொடங்கிய கொந்தளிப்பு சில ஆண்டுகள் நீடித்தது. எந்த நாளில் பண்டிகை கொண்டாடுவது என்பதை யார் தீர்மானிப்பது? சண்டை அதற்காகத்தான்.

கலிலியோ, நியூட்டன் துணுக்கு சுவையானது, ஆனால் தவறானது. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. இது இத்தாலியின் புதிய கணக்கு. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. இது இங்கிலாந்தின் பழைய கணக்கு. இரண்டையும் புதிய கணக்கில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. இரண்டையும் பழைய கணக்கில் வைத்தால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எப்படிப் பார்த்தாலும் ஒரே ஆண்டு வராது. ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று இறந்தார்கள் என்பதும் இதே ரகம். இங்கிலாந்தின் அந்த ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே 3.

ஸ்வீடனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவர்கள் ஒரேயடியாகத் தாவாமல், 1700லிருந்து 40 ஆண்டுகளுக்கு லீப் நாட்களை மட்டும் விட்டுவிட்டு மெல்ல மாறத் திட்டமிட்டார்கள். 1700ல் ஒரு நாளை விட்டார்கள். பிறகு ரஷ்யாவோடு போர் மூண்டது. 1704லும் 1708லும் விட வேண்டிய நாட்களை விடவில்லை. விளைவு, ஸ்வீடனின் தேதி பழைய கணக்கோடும் ஒட்டவில்லை, புதிய கணக்கோடும் ஒட்டவில்லை. 1709ல் நடந்த பொல்தாவா போர் ரஷ்யர்களுக்கு ஜூன் 27, ஸ்வீடன்காரர்களுக்கு ஜூன் 28, மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு ஜூலை 8. கடைசியில் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் திட்டத்தையே கைவிட்டார். பழைய கணக்குக்குத் திரும்ப, லீப் ஆண்டான 1712ல் பிப்ரவரிக்கு இன்னும் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஸ்வீடனில் பிப்ரவரி 30 என்று ஒரு நாள் இருந்தது.

உங்கள் சக ஆசிரியரிடம் நான் முழுதாக முரண்பட மாட்டேன். துணுக்கைச் சொல்லி, பிள்ளைகள் வாயைப் பிளந்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால் அவர் சொல்வது சரிதான். ஆனால் உங்கள் வகுப்பில் அப்படி நடக்கவில்லையே. ஒரு பெண் எழுந்து நின்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள். இனிமேல் எந்தத் தேதியைச் சொன்னாலும் 'அது யாருடைய கணக்கில்?' என்றும் கேட்கப் பழக்குங்கள்.

இது நம் காலத்திலும் நடந்திருக்கிறது. பசிபிக் தீவு நாடான சமோவா, ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வியாபாரம் செய்ய வசதியாக, சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியது. 2011 டிசம்பர் 29, வியாழன் நள்ளிரவு தாண்டியதும் டிசம்பர் 31, சனிக்கிழமை பிறந்தது. இங்கே கிழமையும் சேர்ந்தே போனது. இல்லாத அந்த வெள்ளிக்கிழமைக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. உங்கள் மாணவியின் பாதிக் கேள்விக்கு இது பதில். டிசம்பர் 30ல் பிறந்த சமோவாப் பிள்ளைகள் அந்த வருடம் எந்த நாளில் பிறந்தநாள் கொண்டாடினார்கள் என்பதை அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்தால் எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்