வளவில் கிடைத்த நாகக்கல்: கழுவலாமா, விற்கலாமா?

கேள்வி: நெடுங்கேணிப் பக்கம் அப்பாவின் காணியைத் துப்புரவாக்கியபோது பாலை மரத்தடியில் பாதி புதைந்த கல் ஒன்று தெரிந்தது. இரண்டு நாகங்கள் பின்னிப் பிணைந்து படமெடுத்து நிற்கின்றன. முழங்கால் உயரம்தான், பாசி படிந்து கறுத்திருக்கிறது. அசிட் போட்டுக் கழுவிப் பெயின்ட் அடித்துச் சீமெந்துப் பீடத்தில் வைக்கலாம் என்கிறார் பெறாமகன். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் 'பழங்காலக் கலைப்பொருள்' என்று விலை பேசுகிறார். கல் எவ்வளவு பழையது? என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த அசிட் போத்தலை வளவை விட்டே அப்புறப்படுத்துங்கள். கல்லின் வயதைச் சொல்லக்கூடிய சான்றில் பெரும்பங்கு அதன் மேற்தோலில்தான் இருக்கிறது. உளி விழுந்த தடம், மழை அரித்த அரிப்பு, விளக்குப் புகை, எண்ணெய்ப் படிவு எல்லாம் அங்கேதான். அசிட் அவற்றை ஒரே நாளில் அழித்துவிடும். வவுனியா, நெடுங்கேணிப் பகுதிகளில் பெரும்பாலும் கிடைப்பது கருங்கல். உடைந்த ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். மினுங்கும் மணிகளும் காக்காப்பொன் துகளும் தெரிந்தால் அந்த வகைதான். கருங்கல்லிலும் அசிட் பட்டால் இரும்புச் சத்துக் கரைந்து துருநிறக் கறை பரவும். யாழ்ப்பாணப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் என்றால் நாகத்தின் செதிலே கரைந்துபோகும். அதற்குத் தேசிக்காய்ப் புளிகூட ஆகாது.

சீமெந்தும் பெயின்டும் அதே அளவு கெடுதல். சீமெந்திலுள்ள உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி, காயும்போது படிகமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாகக் கழற்றும். பெயின்ட் ஈரத்தை வெளியே விடாது. உரியும்போது கல்லின் தோலையும் கொண்டுபோகும். மண்ணில் கிடந்த கல்லைப் பெயர்த்து வெயிலில் போடுவதும் தவறு. நின்ற இடத்திலேயே, நிழலில் மெதுவாகக் காயட்டும். ஒட்டிய மண்ணை மெல்லிய தூரிகையாலும் நல்ல தண்ணீராலும் அகற்றினால் போதும். கம்பித் தூரிகை, தும்பு, சவர்க்காரத் தூள் எதுவும் வேண்டாம். பாசியைச் சுரண்டாதீர்கள், பாசி எங்கே நிற்கிறது, எந்த மட்டத்துக்குக் கீழே இல்லை என்பதைப் பார்த்தால் கல் எவ்வளவு ஆழம் புதைந்து நின்றது என்று தெரியும்.

இரவில் ஒரு டோர்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், தரையோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பகலில் மொட்டையாகத் தெரிந்த முகத்தில் உளிப் புள்ளிகள் நிழலோடு எழும்பி வரும். சிற்றுளியால் கொத்திய கல் என்றால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், ஆழம் மாறி மாறி இருக்கும். இரண்டு உடல்கள் பின்னும் இடுக்குகளில் ஒரே வளைவான வெட்டுக்கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் அது மின்சாரக் கிரைண்டரின் வேலை. தேய்மானத்தையும் கவனியுங்கள். பழைய கல்லில் கைபட்ட படத்தின் உச்சி வழுவழுப்பாகி, இடுக்கு கூராகவே நிற்கும். எல்லா இடமும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். எழுத்துப் போல ஏதாவது தெரிந்தால் மாவோ சுண்ணாம்போ பூசாமல், அதே சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

இவ்வளவு பார்த்தாலும் 'இந்த நூற்றாண்டு' என்று கல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பின்னிய இரட்டை நாகம் தென்னிந்தியாவிலும் இங்கும் நெடுங்காலமாக மாறாமல் செதுக்கப்பட்டு வரும் வடிவம். பிள்ளை வரம் கேட்டும் நாகதோஷம் நீங்கவும் ஊர்க் கைவினைஞரைக் கொண்டு செய்வித்து நட்டார்கள். சாஸ்திர அளவு பார்க்காத கை அது. அந்த முரட்டு வளைவில்தான் எனக்கு அதன் அழகே தெரிகிறது. உலர்வலயக் குளங்களில் துருசுக்கு (நீர் திறக்கும் மதகுக்கு) அருகே பல படமுள்ள நாகக்கல் நடுவதும் பழைய வழக்கம். ஆகவே உங்கள் வளவுக்குப் பக்கத்தில் தூர்ந்த குளக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள்: அங்கே யார் மடை (படையல்) பரவினார்கள், எந்த மாதம், இடம்பெயர்வதற்கு முன் விளக்கு எரிந்ததா? இந்தத் தகவலைத் தள்ளிப்போடாமல் தேதியோடு எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

வயதுக்கான மற்றச் சான்று மண்ணில் இருக்கிறது. செங்கல் துண்டு, ஓட்டுத் துண்டு, கறுப்புச் சிவப்பு மட்கலம் ஏதாவது கிடந்தால் எடுக்காமல், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். சுற்றித் தோண்டவே வேண்டாம். நாகம் புதையலைக் காக்கிறது என்று நம்பிப் பாறையையும் படிமத்தையும் பிளப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியாகாத காணி என்றால் உயிருக்கே ஆபத்து.

விற்பனை பற்றி: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதி உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் அங்கே கிடைத்த தொல்பொருள் உங்களுடையதாகிவிடாது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றம். விலை பேசுபவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். வாங்கியவர் போய்விடுவார், விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அறிவித்தால் காணியே பறிபோகுமோ, கல்லுக்கு வேறு கதை எழுதப்படுமோ என்ற பயம் நம் ஊர்களில் உண்டு. அது காரணமில்லாத பயம் அல்ல. நாகம் சைவருக்கும் பௌத்தருக்கும் பொதுவானது என்பதால், நாகத்தை மட்டும் கண்டு எந்த மதத்துக்கும் கல்லை எழுதிவிட முடியாது. அதற்காகத்தான் கிடைத்த நிலையிலேயே படமும் பெரியவர்களின் வாக்குமூலமும் வேண்டும் என்கிறேன். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் தாமதிக்காமல் எழுத்தில் அறிவியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

அதுவரை கல்லை நின்ற இடத்திலேயே விடுங்கள். கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. விளக்கைக் கல்லின் மேல் வைக்காமல், ஒரு முழம் தள்ளித் தட்டையான வேறொரு கல்லில் ஏற்றுங்கள். பால் ஊற்றினால் பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். எண்ணெய்க்காப்பு மட்டும் வேண்டாம். கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.