டேஷ்போர்டு கடிகாரம்: வாசகர் கேள்விகள்

என்னுடையது 1956 செவர்லே கார். டேஷ்போர்டைத் தட்டினால் கடிகாரம் இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

அதில் மோட்டாரே கிடையாது. உள்ளே இருப்பது சாவி கொடுக்கிற கடிகாரம்தான், சாவியை மட்டும் பேட்டரி கொடுக்கிறது. சின்ன ஸ்பிரிங் ஓரிரு நிமிடத்தில் தளர்ந்துவிடும். உடனே இரண்டு பாயின்ட்கள், அதாவது மின்சாரத்தை இணைக்கும் உலோக முனைகள், ஒட்டும், காயில் (கம்பிச்சுருள்) காந்தமாகி ஒரு கையை உதைக்கும், ஸ்பிரிங் மறுபடி இறுகும். நின்றிருக்கும் காரில் அவ்வப்போது கேட்கிற 'டக்' அதுதான்.

தட்டினால் ஓடுகிறது என்றால் காயில் உயிரோடு இருக்கிறது, பாயின்ட்தான் கருத்திருக்கும். கடிகாரத்தைக் கழற்றி, கடுகளவு இருக்கும் அந்த முனைகளை மிக நைசான எமரி பேப்பரால் லேசாகத் தேயுங்கள். பிறகு நடுவே வெள்ளைத் தாளைச் செருகி, கறுப்பு ஒட்டாதவரை உருவுங்கள். பிசினாகிப்போன பழைய எண்ணெயைக் கழுவிவிட்டு, அச்சு முனைகளில் ஊசி நுனியளவு வாட்ச் ஆயில் வைத்தால் போதும். எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பேட்டரி இறங்கிவிட்டால் காந்தத்துக்கு உதைக்கத் தெம்பு இருக்காது. பாயின்ட்கள் ஒட்டியபடியே நிற்க, காயில் சூடேறி எரியும். என் மேசைக்கு வந்த எரிந்த காயில்களில் பாதிக்கு மேல் இப்படிப் போனவைதான். காரை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கடிகார ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

குவார்ட்ஸுக்கு மாற்றலாமா?

காயில் எரிந்திருந்தால் தாராளமாக மாற்றலாம். டயலும் முள்ளும் பழையதே இருக்கும். பாயின்ட் அழுக்குக்காக மட்டும் மாற்றாதீர்கள், மனசு கேட்கவில்லை. எப்படியானாலும் பழைய இயந்திரத்தைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். பழைய பிரிட்டிஷ் கார் என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்: பல கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அது தெரியாமல் இணைத்தால் குவார்ட்ஸ் சர்க்யூட் போய்விடும்.

என்னுடையது 1954 செவர்லே. எந்த குவார்ட்ஸ் வாங்குவது?

செவர்லே 12 வோல்ட்டுக்கு மாறியது 1955-இல்தான். உங்களுடையது 6 வோல்ட். 6 வோல்ட்டுக்கான குவார்ட்ஸ் என்றே கேட்டு வாங்குங்கள்.

நாளுக்குப் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது.

அந்தக் காலத்து அமெரிக்கக் கடிகாரங்கள் பலவற்றில் முள்ளைப் பின்னால் திருப்பிச் சரிசெய்தாலே வேகமும் கொஞ்சம் குறையும். சில நாள் விட்டுவிட்டுச் செய்து பாருங்கள்.

டயலில் ஒளிரும் எண்கள் மங்கிவிட்டன. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாமா?

சுரண்டவே சுரண்டாதீர்கள். 1960-கள் வரை அந்தப் பூச்சில் கதிர்வீச்சுள்ள ரேடியம் சேர்த்தார்கள். மங்கியது கூடவே இருந்து ஒளிர்ந்த துத்தநாக சல்பைடுதான், ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் ஆகும். சுரண்டினால் அந்தத் தூள் மூச்சில் போகும். கண்ணாடியைத் திறக்காமல், ரேடியம் டயலைக் கையாளத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.