விழுந்தவரிடம் போய்ச் சேர வழி வேண்டும்

கேள்வி: புது வீடு கட்டி வருகிறோம். என் மாமியாருக்கு வயது 79. ஏற்கெனவே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறார். குளியலறையில் வழுக்காத தரைக்கல்லும் சுவரில் கைப்பிடிக் கம்பியும் போட்டுவிட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. வேறு எதையும் கவனிக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மேஸ்திரி சொன்ன இரண்டும் அவசியமே. ஆனால் அவை விழாமல் காப்பதற்கானவை. மீறி விழுந்துவிட்டால் அவரிடம் போய்ச் சேரவும், அதிகம் அசைக்காமல் வெளியே கொண்டுவரவும் வழி இருக்கிறதா என்பதைச் சுவர் எழும்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

முக்கியமானது குளியலறைக் கதவு. நம் வீடுகளில் அது பெரும்பாலும் இரண்டரை அடி அகலத்தில், உள்பக்கமாகத் திறப்பதாகவே இருக்கிறது. விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடந்தால், அதைத் தள்ளுவது அவர் உடம்பின் மீதே தள்ளுவதாகிவிடும். ஆகவே நிலை போக மூன்றடி வழி கிடைக்கும்படி, வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவையோ பக்கவாட்டில் நகரும் கதவையோ வையுங்கள். தாழ்ப்பாள், வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய வகையாக இருக்கட்டும். அழைப்பு மணியின் பொத்தான் நின்றால் எட்டும் உயரத்தில் மட்டும் இருந்தால் தரையில் கிடப்பவருக்கு உதவாது. தரைக்குச் சற்று மேல்வரை தொங்கும் இழுகயிறு ஒன்றும் வேண்டும். எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கும் முதியவருக்கு, அழுந்திய தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும் அபாயம் உண்டு என்பதால், இந்தக் கயிற்றைச் சிறிய விஷயமாக நினைத்துவிடாதீர்கள்.

ஸ்ட்ரெச்சர் ஏறக்குறைய ஆறரை அடி நீளம். குறுகலான நடையில் திருப்பம் வந்தால் அதைச் சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டும்; இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அது தாங்க முடியாத வலி. எனவே மாமியாரின் அறை தரைத்தளத்தில், வாசலுக்கு நேராகச் செல்லும் வழியில் அமையட்டும்; கட்டிலின் ஒரு பக்கமாவது மூன்றடி இடம் விடுங்கள். வாசலில் சாய்தளம் கட்டினால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் தேவை. கேட்டின் மாற்றுச் சாவி நம்பகமான அண்டை வீட்டில் இருப்பது நல்லது.

இத்தனையும் செய்த பிறகு, விழுந்தவரை உடனே தூக்கி உட்காரவைக்கும் பழக்கத்தையும் வீட்டில் எல்லோரும் விட வேண்டும். இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, அவரை அசைக்காமல் போர்வை போர்த்திவிட்டு 108-ஐ அழையுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம்.